பேரணாம்பட்டுத் தம்பிக்கு: அறிக்கை வேறு, சான்றிதழ் வேறு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கரை வயது மகன். இரண்டு வயது கடந்த பிறகுதான் நடந்தான். பேச்சு இன்னும் வரவில்லை. வீடு பேரணாம்பட்டில். தந்தைக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தாயின் ஆதார் இன்னும் தாய்வீட்டு முகவரியில், மேல்விஷாரத்தில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதாவது சி.எம்.சி.யில், காட்டியிருக்கிறார்கள், வளர்ச்சித் தாமதம் என்று எழுதிய அறிக்கை கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உதவித்தொகை கேட்கப் போன இடத்தில் "இது செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். இனி எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, அந்த ஒரு சொல்லைக் கேட்டு மனம் உடைந்து போகாதீர்கள். எங்கள் மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள். காட்பாடியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத அலுவலகப் படி இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் அறிக்கை பொய்யும் இல்லை, வீணும் இல்லை. மருத்துவர் எழுதும் அறிக்கை பிள்ளைக்கு என்ன சிகிச்சை வேண்டும் என்று சொல்வது. அரசு கேட்பது ஊனச் சான்றிதழ். அதை அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியோ மருத்துவக் குழுவோதான் கொடுக்க முடியும். வேலூர்க்காரர்களான நமக்கு இந்தக் குழப்பம் கூடுதல். உலகமே தேடி வரும் மருத்துவமனை ஊருக்குள் இருக்கும்போது, அங்கே எழுதியதற்கு மேல் இன்னொரு காகிதம் எதற்கு என்று தோன்றும். மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பாகாயத்து மறுவாழ்வு நிலையத்தை 1966இல் உருவாக்கிய ஊர் இது. அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பெருமைக்கு முத்திரை கிடையாது. அலுவலகத்துக்கு முத்திரை வேண்டும். அந்த அறிக்கையை மூன்று பிரதி எடுத்து வையுங்கள். சான்றிதழுக்காக அரசு மருத்துவர் முன் உட்காரும் நாளில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது மாவட்டம். சிரிக்காதீர்கள், பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 1989இல் வடஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. உங்கள் குடும்பம் ஒன்றுதான், ஆனால் மூன்று மாவட்டங்களில் கால் வைத்திருக்கிறது: வீடு வேலூர் மாவட்டம், வேலை திருப்பத்தூர் மாவட்டம், மனைவியின் ஆதார் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர் பக்கத்தில் இருக்கிறதே என்று திருப்பத்தூர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது அங்கேயே உறங்கும். பிள்ளையின் ஆதாரில் எந்த முகவரியோ அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் உங்கள் அலுவலகம். ஆகவே முதலில் பிள்ளை, தாய், தந்தை மூவரின் ஆதாரையும் பேரணாம்பட்டு முகவரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ரேஷன் கார்டில் மூவரும் ஒன்றாக இருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் மனைவியின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே கிடப்பது நம் பக்கம் சர்வசாதாரணம்.

பெயரையும் பார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? பலருக்கு "ஆண் குழந்தை" என்பதோடு நின்றிருக்கும். பிறந்து 15 ஆண்டுகள் வரை பெயர் சேர்க்கலாம். இருந்தாலும் இன்றே சேர்ப்பது நல்லது. ஒரு காகிதத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் முகமது, இன்னொன்றில் முஹம்மத். மனிதருக்கு அது ஒரே ஆள், கணினிக்கு இரண்டு ஆள். ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும், பதினைந்தில் மறுபடியும். விரல் மடங்கிப்போன பிள்ளை, கண்ணை நிலையாக வைக்க முடியாத பிள்ளை என்றால் அதற்கும் விதிவிலக்குப் பதிவு உண்டு. "ரேகை விழவில்லை, போங்கள்" என்று அனுப்பினால் விதிவிலக்கில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

இனி சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். எங்கள் காலத்தில் கையால் எழுதிய அட்டைப் புத்தகம் ஒன்று தருவார்கள். 2021 ஜூன் முதல் எல்லாமே மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை தரும் யூ.டி.ஐ.டி. இணையதளம் வழியாகத்தான். இ-சேவை மையத்திலோ வீட்டிலோ பதிவு செய்து, பிள்ளையின் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று ஏற்றி, மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் பெரிய அரசு மருத்துவமனை அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தக் கிழமையில் எந்தப் பிரிவு சான்றிதழுக்குப் பார்க்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பேரணாம்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, "நாளைக்கு வாருங்கள்" என்று கேட்பதைப் போல அலுப்பு வேறில்லை.

அந்த நாள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சதவீதம் அங்கேதான் முடிவாகிறது. வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைக்குச் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற ஒன்றை வைத்து உளவியலாளர் கேள்வி கேட்பார். கேள்வி பிள்ளையிடம் அல்ல, உங்களிடம். தானே சாப்பிடுவானா, கழிப்பறைக்குச் சொல்வானா, தெருவில் தனியாகப் போய் வருவானா என்று. பதில்களைக் கூட்டி, பிள்ளை எத்தனை மாதக் குழந்தையின் அளவில் இயங்குகிறான் என்று கணக்கிடுவார்கள். அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். உங்கள் மகனுக்கு 54 மாதம். 27 மாதக் குழந்தையின் அளவில் இயங்குகிறான் என்று வைத்துக்கொண்டால் எண் 50. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் (2024இல் புதியது வந்துவிட்டது, ஏதாவது மாறியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்) 36 முதல் 54 வரை என்றால் 75 சதவீதம். 55 முதல் 69 வரை 50 சதவீதம். 70 முதல் 84 வரை 25 சதவீதம். பெரும்பாலான உதவிகளுக்கு வாசற்படி 40. ஆக, எண் 69இல் நின்றால் உள்ளே, 70 ஆனால் வெளியே.

இந்த இடத்தில் நாம் செய்யும் தவறு, பெருமை பேசுவது. நானும் பேசினேன். "சட்டை தானே போட்டுக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டேன். அந்த உளவியலாளர் நல்ல மனிதர், தலை நிமிராமல் "பொத்தான் யார் போடுவது?" என்று கேட்டார். நான்தான். ஒரு நாளும் அவள் போட்டதில்லை. ஆனால் வெளியாள் முன்னால் என் மகளைக் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது. பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது தவறு, தேர்ந்த கண்ணுக்குத் தெரிந்தும் விடும். யாரும் உதவாமல் அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பிடித்துக்கொண்டு நடப்பதை நடை என்று சொல்லாதீர்கள். முந்தின வாரமே காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும் வரை எதற்கெல்லாம் ஆள் வேண்டியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது பிள்ளை பாதி நாள் வாழ்ந்து முடித்திருப்பான்.

ஐந்து வயதுக்குக் கீழே அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள், பரந்த வளர்ச்சித் தாமதம் என்றே எழுதுவார்கள். சான்றிதழும் தற்காலிகமாகத்தான் வரும். பயப்பட வேண்டாம், முறையே அதுதான். அதே 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஐந்து, பத்து, பதினெட்டு வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். பதினெட்டில் கிடைப்பது ஆயுளுக்கும் செல்லும். உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதத்தில் ஐந்து. "அப்படியானால் ஐந்து முடிந்தே போய்க்கொள்ளலாமே" என்று உறவினர் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தற்காலிகச் சான்றிதழும் சான்றிதழ்தான். பயிற்சி, பயணச் சலுகை எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். காலாவதித் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த சதவீதம் நியாயமில்லை என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அட்டை தபாலில் வரத் தாமதமானாலும், ஒப்புதல் ஆனவுடன் இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

பணத்துக்கு வருவோம். அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கும், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் தனி. இரண்டையும் ஒருவர் சேர்த்து வாங்க முடியாது. பிள்ளையின் உதவித்தொகையைக் காரணம் காட்டி மகளிர் உரிமைத்தொகை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றத் தகுதிகள் இருந்தால் உங்கள் மனைவி அந்த 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளை பெயரில், தாயைக் காப்பாளராகப் போட்டு, வங்கிக் கணக்கு தொடங்குங்கள், ஆதாரை இணைத்துவிடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் எங்களுக்கு ஏழு மாதம் பணம் வரவில்லை. நான் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றை நான்தான் கொடுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் ஒரு தாள். உயிரோடு மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உயிரோடு இருக்கிறாள் என்று எழுதி வாங்குவது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே அந்தத் தாளையும் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிக் குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடித்திருப்பார்கள். அந்த அட்டையில் மகன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வயது வரைதான் இ.எஸ்.ஐ. சலுகை. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தந்தையின் சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்தக் குறைபாடு இருக்கும் வரை சலுகை தொடரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போதும் நீங்கள் வேலையில் இருந்தால் அவனுக்கு அது உண்டு. கம்பெனி மனிதவளப் பிரிவில் கேட்டுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இதற்கு அப்பால் நிராமயா என்று ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை; சேரும்முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. இதன் சிறப்பு, மருத்துவமனையில் படுக்காமலே எடுக்கும் பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சைக்கும் பணம் கேட்கலாம் என்பது. வேறு எந்தக் காப்பீட்டில் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவது. ஆகவே ரசீதுகளை மூலமாகவே, தேதி வாரியாக, ஒரு கவரில் போட்டு வையுங்கள். வெயிலில் எழுத்து அழியும் ரசீதென்றால் அன்றே பிரதி எடுங்கள்.

பஸ்ஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை, வெளியூர் அரசுப் பேருந்தில் 75 சதவீதச் சலுகை. காட்பாடியிலிருந்து ரயிலில் போனால், துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் துணைக்கும் தூங்கும் வசதிப் பெட்டியில் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வே தனியாக அட்டை கேட்கும்.

பள்ளி விஷயத்தில் உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. உதவித்தொகை மாதம் ஒருமுறை வருவது. பயிற்சி தினமும் வேண்டியது. ஆறு வயது வரை பிள்ளைகளுக்கு ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நல அலுவலகத்தில் கேளுங்கள். பேரணாம்பட்டு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, வெளியே வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி, இவை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். பள்ளியில் சேராத பிள்ளை என்றாலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும்போது தகவல் வரும். அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆறு முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி அவன் உரிமை. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 2,000 ரூபாய் கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆறிலிருந்து எட்டு வரை 6,000. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் பின்னால் வரும். இப்போதே அதை நினைத்துத் தலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடைத்தரகர் ஒருவர் கட்டாயம் வருவார். "சார் நமக்குத் தெரிந்தவர், ஐயாயிரம் ஆகும்" என்பார். சான்றிதழுக்கும் அட்டைக்கும் உதவித்தொகைக்கும் யாருக்கும் ஒரு ரூபாய் லஞ்சம் தேவையில்லை. மனு நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முன்பு கொடுத்த மனுவின் தேதியையும் எண்ணையும் முதல் வரியிலேயே போடுங்கள். கண்ணீரைக் கேட்க அங்கே நேரம் இருக்காது, எண்ணைத் தேடிப் பார்க்க நேரம் இருக்கும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள்.

பதினெட்டு வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிறந்தநாளோடு சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தானாகவே காப்பாளர் இல்லை. நான் இது தெரியாமல் வங்கிக்குப் போய், மகள் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் விழித்தேன். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். உங்களுக்குப் பதின்மூன்று வருடம் இருக்கிறது.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. பேச்சு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காது கேட்கிறதா என்று எழுதவில்லை. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது சோதனை ஆகாது. உறங்க வைத்து எடுக்கும் "பெரா" என்ற செவிச் சோதனை உண்டு. ஒருவேளை செவியில்தான் குறை என்றால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். அந்தக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கூடுதல் என்றால் இ.எஸ்.ஐ. வழியைக் கேட்க வேண்டும். எதுவாயினும் அவனுக்கு மீதியிருப்பது பதினெட்டு மாதம். இன்றிரவு அந்த அறிக்கையை எடுத்து, "பெரா" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார், ரேஷன் கார்டு, மனு எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கட்டும். பிள்ளையை அடுக்கம்பாறை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.